அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கான சமூகம் சார்ந்த ஆதரவுச் சேவைகள்: கடலூர், சிதம்பரம் பகுதிக் குடும்பங்களுக்கான விளக்கம்

அறிவுசார் குறைபாடு உடைய பிள்ளையைப் பெற்றவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "இதற்கு மருந்து உண்டா?" என்பதாகும். பிள்ளை வளர்ந்து, பெற்றோருக்கு வயது ஏறிய பின்னர் அதே பெற்றோர் கேட்கும் கேள்வி, "எங்களுக்குப் பின் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பதாகும். இவ்விரு கேள்விகளுக்கும் இடைப்பட்ட இருபது, முப்பது ஆண்டுகளில் குடும்பத்திற்குக் கிடைக்க வேண்டிய உதவிகளைப் பற்றியே இப்பக்கம் பேசுகிறது. அவற்றில் பெரும்பாலானவை மருத்துவமனைப் படுக்கையில் கிடைப்பவை அல்ல. அங்கன்வாடி, பள்ளி, சேவை மையம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், அண்டை வீடு ஆகிய இடங்களிலேயே அவை கிடைக்கின்றன.

அறிவுசார் குறைபாடு என்றால் என்ன?

புரிந்துகொள்ளுதல், கற்றல், சிக்கல்களைத் தீர்த்தல் ஆகிய அறிவுத் திறன்களிலும், உடுத்துதல், உண்ணுதல், பணத்தைக் கையாளுதல், பிறருடன் பழகுதல் போன்ற அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் குறிப்பிடத்தக்க குறை இருந்து, அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருந்தால் அந்நிலையை அறிவுசார் குறைபாடு என்கிறோம். கணக்குப் பாடத்தில் மட்டும் பின்தங்கும் பிள்ளைக்கு இப்பெயர் பொருந்தாது. இரு வகைத் திறன்களிலும் குறை இருத்தல் வேண்டும்.

இது மனநோய் அன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே மனநோய் என்பதன் வரையறையிலிருந்து இந்நிலையை விலக்கி வைத்துள்ளது. ஊர்ப்புறங்களில் இரண்டையும் ஒன்றாகவே பேசும் வழக்கம் இன்றும் உள்ளது. அதன் விளைவாகப் பிள்ளையை மந்திரிக்கவும் தர்காக்களிலும் கோயில்களிலும் கட்டிவைக்கவும் அழைத்துச் செல்கின்றனர். வழிபாடு அவரவர் விருப்பம். அதில் மருத்துவருக்குச் சொல்ல ஏதுமில்லை. ஆனால் சங்கிலியும் பூட்டும் எந்தக் குறைபாட்டிற்கும் சிகிச்சை ஆகா. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் நிகழ்ந்த தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட இயலாமல் இறந்ததை நாம் மறந்துவிடலாகாது.

காரணங்கள் பல. டவுன் நோய்க்குறி போன்ற மரபணு மாற்றங்கள், பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்திருத்தல், கருவுற்ற காலத்து நோய்த்தொற்றுகள், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, குழந்தைப் பருவ மூளைக்காய்ச்சல் ஆகியவை அவற்றுள் அடங்கும். நெருங்கிய உறவில் மணம் முடிப்போரின் குழந்தைகளுக்குச் சில மரபுவழி நோய்கள் வரும் வாய்ப்பு கூடுதலாகும். எத்தனை சோதனைகள் செய்தாலும் காரணம் தெரியாமலே போகும் நிலையும் உண்டு. தாய் கிரகண நேரத்தில் வெளியே வந்ததோ, முற்பிறவிப் பாவமோ காரணம் அன்று. இதை மாமியாரும் கேட்கும்படி உரக்கச் சொல்லுமாறு சில தாய்மார்கள் என்னிடம் வேண்டியதுண்டு, சொல்லியும் இருக்கிறேன்.

முதல் கேள்விக்கான விடையையும் இங்கேயே கூறிவிடுதல் நலம். பிறவித் தைராய்டுக் குறைபாடு போன்ற ஒரு சில நிலைகளில், பிறந்த சில வாரங்களுக்குள் கண்டறிந்து மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படாமல் காக்கலாம். மற்றபடி அறிவுத்திறனைக் கூட்டும் மருந்து எதுவும் இன்று இல்லை. மூளை டானிக், தண்டுயிரணு ஊசி என்று விற்கப்படுபவற்றுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். பயிற்சியினால் கிடைக்கும் முன்னேற்றம் மெதுவானதாயினும் மெய்யானது.

சமூகம் சார்ந்த ஆதரவு

குறைபாடு உடையவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லத்தில் சேர்ப்பதற்கு மாறாக, அவர் வாழும் ஊரிலேயே, அவரது வீட்டாரையும் ஊராரையும் கொண்டே உதவி செய்வதே இம்முறையாகும். 1978ஆம் ஆண்டு அல்மா அட்டா மாநாட்டிற்குப் பின்னர் உலக சுகாதார நிறுவனம் சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்னும் இக்கருத்தை முன்வைத்தது. 2010இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்வு, தன்னதிகாரம் என ஐந்து தூண்களாக அதனை விரித்தது. தமிழ்நாட்டில் இவ்வழியில் நீண்ட காலம் பணியாற்றி வருவோரும் உள்ளனர். தென்காசி மாவட்டம் ஆய்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் குழந்தையின் வீட்டிற்கே சென்று பயிற்சியளிக்கும் முறையை ஊர்ப்புறங்களில் நடத்திக் காட்டியது.

இம்முறையின் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்காகச் சிதம்பரம் வந்து செல்லும் தாய், பேருந்துக்காகக் காத்திருப்பது உட்பட அரை நாளுக்கு மேல் இழக்கிறார். அன்றைய கூலியும் போகிறது. பயிற்சி நடப்பதோ முக்கால் மணி நேரம். மூன்றாம் மாதம் அவர் வருவதை நிறுத்திவிட்டால் அது அவரது பொறுப்பின்மை ஆகாது. அதே பயிற்சியைத் தாய்க்குக் கற்பித்து, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்யச் சொன்னால் நாள்தோறும் நடைபெறும்.

தொடக்கத்திலேயே கண்டறிதல்

ஒன்பது மாதம் ஆகியும் துணையின்றி உட்காராமை, பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காமை அல்லது பொருளுள்ள ஒரு சொல்லும் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கற்ற திறனை இழந்துவிடுதல் ஆகிய அறிகுறிகளுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். "அவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்னும் ஆறுதல் மொழி பல குழந்தைகளின் மிக முக்கியமான இரண்டு ஆண்டுகளை விழுங்கியிருக்கிறது.

உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ முதலில் தெரிவியுங்கள். 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளை ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளை ஆண்டுக்கு ஒருமுறையும் பார்வையிட்டு, பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. வளர்ச்சித் தாமதம் ஐயுறப்படும் குழந்தைகள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுவர். அங்கே குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆகியோர் ஒரே இடத்தில் பரிசோதிப்பர். செவித்திறன் சோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். காது கேளாமையே அறிவுசார் குறைபாடாகத் தவறாகக் கருதப்பட்ட குழந்தைகள் உண்டு.

மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அது 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அறிவுசார் குறைபாடு அவற்றுள் ஒன்று. பெரும்பாலான அரசு உதவிகளுக்கு 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்றிதழ் தேவை.

விழுக்காடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று பலரும் கேட்கின்றனர். நுண்ணறிவுச் சோதனையுடன், வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவுகோல் என்னும் சோதனையும் செய்யப்படும். பிள்ளை தானே பல் துலக்குவானா, கடைக்குச் சென்று வருவானா என்பன போன்ற கேள்விகள் அதில் உங்களிடம் கேட்கப்படும். 2018இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டு நெறிமுறைகளின்படி, இவ்வளவுகோலில் 55 முதல் 69 வரை பெறுவோர்க்கு 50 விழுக்காடும், 36 முதல் 54 வரை 75 விழுக்காடும், 21 முதல் 35 வரை 90 விழுக்காடும், 20 வரை 100 விழுக்காடும் எனக் குறைபாடு கணிக்கப்பட்டது. பிள்ளை வீட்டில் உண்மையில் என்ன செய்கிறானோ அதையே கூறுங்கள். பெருமைக்காகக் கூட்டியும் சொல்ல வேண்டாம், உதவித்தொகைக்காகக் குறைத்தும் சொல்ல வேண்டாம். இதே பதில்களைக் கொண்டுதான் பயிற்சித் திட்டமும் வகுக்கப்படும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்றே குறிப்பிட்டுத் தற்காலிகச் சான்றிதழ் அளிப்பது வழக்கம். சான்றிதழை 5, 10, 18 ஆகிய வயதுகளில் புதுப்பித்தல் வேண்டும். 18 வயதில் பெறுவது நிலையானது. புதுப்பிக்கத் தவறியதால் உதவித்தொகை நின்றுபோன பின்னரே பலர் அலுவலகத்திற்கு ஓடி வருகின்றனர். ஆகவே சான்றிதழில் உள்ள தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இயலாதோர் இ-சேவை மையத்தின் உதவியை நாடலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்னர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து 2021இல் அரசின் பொறுப்பில் வந்த அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இம்மாவட்டத்தின் இரு பெரிய அரசு மருத்துவமனைகளாகும். மதிப்பீடு நடைபெறும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். உளவியலாளர் இல்லாத நாளில் சென்று திரும்புவது பிள்ளைக்கும் உங்களுக்கும் வீண் அலைச்சல்.

உதவித்தொகை, காப்பீடு, பயணம்

அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. 1,500 ரூபாயாக இருந்த இத்தொகை 2023 சனவரி முதல் உயர்த்தப்பட்டது. கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையும் இதனையும் ஒருசேரப் பெற இயலாது. முழு நேரமும் துணை தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கான உதவி பற்றியும் அதே அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஈடுசெய்கிறது. முன்பே உள்ள நோய் என்று காட்டி மறுக்கப்படுவதில்லை; சேருமுன் மருத்துவச் சோதனையும் இல்லை. புறநோயாளர் சிகிச்சையும் பயிற்சிகளும் இதில் அடங்குவதே இதன் தனிச்சிறப்பு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

அரசு நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்லும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். தொடர்வண்டியில் துணையின்றிப் பயணம் செய்ய இயலாத அறிவுசார் குறைபாடு உடையவருக்கும் உடன் செல்பவருக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு முதலியவற்றில் 75 விழுக்காடு சலுகை உண்டு. பெற்றோருள் ஒருவர் அரசுப் பணியாளராக இருந்தால், தாமே சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழியுண்டு. பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் சான்றிதழையும் அலுவலகப் பதிவேட்டில் சேர்த்துவிடுவது பின்னாளில் பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

பள்ளி

6 முதல் 18 வயது வரை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ, பெற்றோர் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைச் சட்டம் அளித்துள்ளது. "இவனைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள்" என்று பள்ளி மறுத்தால் அது சட்டத்திற்குப் புறம்பானது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளனர். பள்ளிக்கே வர இயலாத பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டிற்கு வந்து கற்பிக்கின்றனர். தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாமல், எழுத்து வடிவில் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்கள்

உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு அரசு நிறைவேற்றிவரும் உரிமைகள் திட்டத்திற்கு 2022 சூன் மாதம் அவ்வங்கியின் ஒப்புதல் கிடைத்தது. திட்டத்தின் முதற்கட்ட மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. மாவட்டத் தலைநகரில் மட்டுமே கிடைத்துவந்த சேவைகளைக் கோட்ட அளவிற்கும் அதற்குக் கீழும் கொண்டுசெல்வதே இதன் நோக்கம். அதற்கென 'விழுதுகள்' என்னும் பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைக்கப்படுகின்றன. இயன்முறை சிகிச்சை, செயல்முறைப் பயிற்சி, பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சி, சிறப்புக் கல்வி, உளவியல் ஆலோசனை ஆகியவற்றுடன், சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பங்களுக்கான வழிகாட்டுதலும் ஒரே கூரையின்கீழ் கிடைப்பது இவற்றின் சிறப்பு. மையத்திற்கு வர இயலாதோருக்காகச் சிகிச்சைக் கருவிகள் பொருத்திய ஊர்திகள் ஊர்களுக்குச் செல்கின்றன. முன்களப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்கின்றனர்.

கணக்கெடுக்க வருவோரிடம் பிள்ளையை மறைக்காதீர்கள். மகளின் திருமணப் பேச்சு நடக்கும்போது குறைபாடுள்ள மகனை உள்ளறையில் இருத்தி, "வீட்டில் வேறு யாருமில்லை" என்று சொல்லும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களது அச்சத்தையும் அறிவேன். ஆயினும் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு ஊர்தியும் வராது, பணியாளரும் வரமாட்டார். உங்களுக்கு அருகிலுள்ள மையம் எது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நடமாட இயலாதோரின் உடல் நோய்களுக்கு, 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டிற்கே வந்து மருந்தும் இயன்முறை சிகிச்சையும் அளிக்கின்றனர்.

நடத்தை மாறினால் முதலில் உடலைப் பாருங்கள்

மருத்துவன் என்ற முறையில் இப்பகுதியை நீங்கள் இருமுறை படிக்க வேண்டுமென விரும்புகிறேன். அறிவுசார் குறைபாடு உடையவர் தமக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல இயலாதவராக இருக்கலாம். சொல்ல இயலாத வலி நடத்தையாக வெளிப்படும். அதுவரை அமைதியாக இருந்தவர் திடீரெனத் தலையைச் சுவரில் மோதினால், உண்ண மறுத்தால், இரவில் உறங்காவிட்டால், பிறரை அடித்தால், "இவர்களுக்கு இது வழக்கம்தான்" என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவர்களாகிய நாங்களும் இத்தவற்றைச் செய்வதுண்டு. பேச்சில்லாத இளைஞர் ஒருவர் கன்னத்தில் ஓயாமல் அறைந்துகொண்டதற்கு ஓரிடத்தில் பல மாதங்கள் தூக்க மருந்தே தரப்பட்டு வந்தது. கடைசியில் வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பல் ஒன்றின் அடியில் சீழ் கட்டியிருந்தது. பல்லை எடுத்த வாரத்திலேயே அறைவது நின்றது.

ஆகவே நடத்தை மாறும்போது பல், காது, தொண்டை, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வயிற்றுப்புண், மாதவிடாய் வலி, மறைவான எலும்பு முறிவு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். "டாக்டர், வலி இருக்குமா என்று பாருங்கள்" என்று நீங்களே கேட்கலாம். அதில் தவறில்லை. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை தைராய்டுச் சோதனை தேவை. குழந்தையாக இருக்கும்போதே இதயப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும்.

வலிப்பு நோய் இவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். வாயில் கரண்டியோ துணியோ நுழைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானே நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், ஒன்று முடிந்து நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலும் 108ஐ அழையுங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று எண்ணி மாத்திரையை நீங்களாக நிறுத்தினால், முன்னினும் கடுமையாகத் திரும்ப வரும்.

பருவ வயதும் பாதுகாப்பும்

உடல் வளர்ச்சி அறிவு வளர்ச்சிக்காகக் காத்திருப்பதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மாதவிடாய் வரும். ஆண் பிள்ளைக்கும் உடல் மாற்றங்கள் வரும். வருவதற்கு முன்பே பழக்குங்கள். தாயோ அக்காவோ அணையாடை மாற்றுவதை பொம்மையைக் கொண்டு காட்டிக் கற்பிக்கலாம். சிவப்பு மை தொட்ட அணையாடையைக் கொண்டு பழக்கும் முறையையும் சிறப்புப் பயிற்றுநர்கள் பின்பற்றுகின்றனர். பல மாதங்கள் ஆகும்; ஆனால் பெரும்பாலோர் கற்றுக்கொள்கின்றனர்.

"கருப்பையை எடுத்துவிடலாமா?" என்று கேட்டு வரும் பெற்றோர் உண்டு. மாதவிடாயைப் பராமரிக்கும் சிரமமும், யாரேனும் தவறாக நடந்து கருவுற்றுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் அவர்களை அக்கேள்விக்குத் தள்ளுகின்றன. அச்சம் நியாயமானதே. ஆனால் கருப்பையை எடுப்பது கருவுறுதலைத் தடுக்குமேயன்றி வன்முறையைத் தடுக்காது. அது நடந்ததே தெரியாமல் போகும் என்பதால் குற்றவாளிக்கு வசதியாகவும் முடியும். மாற்றுத்திறனாளியின் சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் இன்றி மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்த மருத்துவச் செயல்முறையையும் செய்யக் கூடாது என 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மாதவிடாய் உதிரப்போக்கு மிகுதியாக இருந்தால் அதற்கு மருந்துகள் உள்ளன. மகப்பேறு மருத்துவரை அணுகுங்கள்.

பாதுகாப்பிற்குச் செய்ய வேண்டியவை வேறு. உடலின் அந்தரங்க உறுப்புகளுக்குரிய சரியான பெயர்களைக் கற்பியுங்கள். யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதைப் படங்களின் மூலம் மீண்டும் மீண்டும் சொல்லுங்கள். "மாமா சொன்னால் கேட்க வேண்டும்" என்று கண்மூடிக் கீழ்ப்படியப் பழக்காமல், "வேண்டாம்" என்று சொல்லவும் பழக்குங்கள். துன்புறுத்துபவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருக்கிறார். 18 வயதுக்குட்பட்டோர் தொடர்பான எந்த ஐயத்திற்கும் 1098ஐ அழைக்கலாம். பாலியல் வன்முறை நிகழ்ந்திருந்தால் குளிப்பாட்டாமலும் உடைகளைத் துவைக்காமலும் அரசு மருத்துவமனைக்கு உடனே வாருங்கள். காவல்துறையில் புகார் அளிக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. அது உங்கள் உரிமை.

பதினெட்டு வயதுக்குப் பின்

வேலை பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில் ஒரு விழுக்காடு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் முதலியவை உள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் பெரும்பாலோருக்குக் குடும்பத்தின் தொழிலே முதல் வாய்ப்பாகும். பண்ணுருட்டிப் பக்கம் முந்திரிப் பருப்பை அளவு வாரியாகப் பிரிக்கும் வேலையை லேசான குறைபாடு உடையவர்கள் செவ்வனே செய்ய இயலும். கொட்டை உடைக்கும் வேலையில் மட்டும் இருத்த வேண்டாம். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள். சோறு போடுகிறோம் என்பது கூலி ஆகாது.

இனி, இரண்டாம் கேள்வி. 18 வயது நிறைந்தவுடன் பெற்றோர் சட்டப்படி காப்பாளராக இருக்கும் நிலை முடிவுக்கு வருகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. சொத்து, வங்கி போன்றவற்றில் முடிவெடுக்க ஒருவர் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் சட்டபூர்வக் காப்பாளர் நியமனத்திற்கு விண்ணப்பிக்கலாம். தன்னார்வ அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இக்குழுவில் இருப்பர். இதற்கு நீதிமன்றம் செல்லத் தேவையில்லை. நியமிக்கப்பட்ட காப்பாளர் ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும், ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் அளிக்க வேண்டும். அவர் கவனியாமல் விட்டாலோ சொத்தைக் கையாடினாலோ நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு. எனவே "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்னும் வாய்மொழி ஏற்பாட்டைவிட இது உறுதியானது.

ஆனால் எல்லோருக்கும் காப்பாளர் தேவை என்று எண்ணிவிட வேண்டாம். என்ன உடுத்துவது, என்ன உண்பது, யாருடன் பேசுவது என்பவற்றைத் தாமே முடிவு செய்யக்கூடியவர்கள் பலர். காப்பாளர் என்பவர் அவர்களது விருப்பத்தைக் கேட்டு நடக்க வேண்டியவர். உடன்பிறந்தோரை இதில் ஈடுபடுத்த நினைப்போர் அவர்களது திருமணத்திற்கு முன்பே வெளிப்படையாகப் பேசிக்கொள்வது நல்லது. மருமகளிடம் மறைத்து வைத்து, பின்னர் பொறுப்பை ஒப்படைக்க முயன்ற வீடுகளில் இரு தரப்பும் புண்பட்டதைக் கண்டிருக்கிறேன். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, திங்களுக்கு ஓரிரு நாள் பிள்ளையை உறவினர் வீட்டிலோ பகல்நேரப் பராமரிப்பு மையத்திலோ தங்கப் பழக்குங்கள். ஐம்பது வயதுவரை தாயின் கையால் மட்டுமே உண்டவர், தாய் இறந்த அன்று அவரையும் இழந்து உணவையும் இழக்கிறார். தேசிய அறக்கட்டளையின் குழு இல்லத் திட்டம் பற்றியும் அதே குழுவிடம் கேட்டறியலாம்.

புயலும் வெள்ளமும்

இம்மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இது தனியே சொல்லப்பட வேண்டியது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 திசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என நாம் அடிக்கடி வீட்டை விட்டு வெளியேற நேர்கிறது. ஓடு என்றால் ஓடத் தெரியாதவரும், கூட்டத்தையும் இரைச்சலையும் கண்டு மிரள்பவரும் இவ்வேளையில் முதலில் ஆபத்திற்கு உள்ளாகின்றனர்.

ஐப்பசி பிறக்கும்போதே ஒரு பையை ஆயத்தமாக வையுங்கள். சான்றிதழ் மற்றும் அடையாள அட்டையின் நகல்கள், இரண்டு வாரத்திற்கான வலிப்பு மாத்திரைகள், மருந்துச் சீட்டு, அணையாடைகள், அவருக்கு விருப்பமான ஒரு போர்வை அல்லது பொம்மை ஆகியவை நீர் புகாத உறையில் இருக்கட்டும். அவர் சட்டைப் பையில் பெயரும் இரண்டு தொலைபேசி எண்களும் எழுதிய அட்டை இருக்க வேண்டும். பல்நோக்குப் பாதுகாப்பு மையம் அருகில் இருந்தால், புயல் இல்லாத நாளில் ஒருமுறை அழைத்துச் சென்று காட்டி, அங்கே ஏதேனும் உண்ணச் செய்து திரும்புங்கள். அறிந்த இடத்திற்குச் செல்வது எளிது. கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் முதலில் மீட்க வேண்டியோர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பது சட்டம். முகாமில் சுவரோரம், கழிப்பறைக்கு அருகில் இடம் கேட்டுப் பெறுங்கள். பெண் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

பராமரிப்பவர்க்கு

உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, இடுப்பு வலி, பிள்ளையோடு தானும் இறந்துவிடலாமா என்னும் எண்ணம் ஆகியவை உங்களுக்கு ஏற்படலாம். அவ்வெண்ணம் ஒருமுறை வந்தாலும் யாரிடமேனும் சொல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் டெலி-மானஸ் ஆலோசகர்கள் எந்நேரமும் தமிழில் பேசுவர். கட்டணம் இல்லை. பிள்ளையைக் காட்ட வரும்போது உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்குமாறு கேளுங்கள், நாங்கள் மறந்துவிடுவதுண்டு.

தொடர்புக்கு

மருத்துவ ஆலோசனை: 104. அவசர ஊர்தி: 108. சிறார் உதவி: 1098. மனநல ஆலோசனை: 14416. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை: 1077. சான்றிதழ், உதவித்தொகை, நிராமயா, காப்பாளர் நியமனம், 'விழுதுகள்' மையம் ஆகியவற்றிற்கு: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம், கடலூர். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.